வியாழன் ஆறு பத்து

அண்ணன்,

வயலுக்குள் இருந்த பெட்டியை நேற்றுக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். டவரடி அறையின் சுவரில் நாம் இருவரும் சேர்ந்து மாட்டிப் பூட்டிய அதே ரிமோட் பெட்டிதான். புதியது வந்துவிட்டது. இது இனிப் பழைய இரும்போடு போகவேண்டியது. நம்பரைக் குறித்துக்கொள்வதற்காகத் தலைகீழாகப் புரட்டினேன். அடிப்பக்கத்து மூலையில், ஒருவருடைய கண்ணிலும் படாத இடத்தில், காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

நான் அதை மறந்தே போயிருந்தேன். பூட்டிய அன்று நீங்கள்தான் சொன்னீர்கள்: "புள்ள, நீங்க ஒரு பிஸ்மில்லாச் சொல்லுங்க, நான் அடியில ஒரு பொட்டு வெக்கிறன். ரெண்டு பக்கத்துக்கும் பயந்து ஒழுங்கா வேல செய்யும்." நான் சிரித்துக்கொண்டே பிஸ்மில்லாச் சொன்னேன். நீங்கள் விரல் நுனியால் தொட்டு வைத்துவிட்டு, "மனேஜர் குனிஞ்சு பாக்கமாட்டார்" என்றீர்கள். பெட்டி கடைசிவரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது அண்ணன். ஒழுங்கில்லாமல் போனது நான். அதைச் சொல்லத்தான் இந்த மடல். நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்வதற்கு எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத இடங்கள் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

நம்முடைய வானொலி சின்னது. ஸ்டுடியோ கல்முனை மெயின் ரோட்டில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில். டவர் காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடையில், மேற்கே வயலுக்குள். ஸ்டுடியோவில் பேசுவது டவருக்குப் போய், அங்கிருந்துதான் ஊருக்குப் போகும். டவரடி அறையில் ஒருவர் இருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னேர டியூட்டி எப்போதும் உங்களுடையது. காரைதீவிலிருந்து வரம்போரமாகச் சைக்கிளில் வருவீர்கள், ஹாண்டிலில் சோற்றுப்பெட்டி தொங்கும்.

நோன்பு மாதத்தில் உங்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். சூரியன் மறைகிற மஃரிப் நேரத்தில் ஸ்டுடியோவில் ஒரு காக்கை குருவி இருக்காது. அறிவிப்பாளர், மனேஜர், வாசலில் நிற்கும் காவலாளி எல்லோருமே கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் போய் இருந்துவிடுவார்கள். அந்த நிமிஷத்தில் கை சும்மா இருக்கிற ஒரே ஆள், நோன்பு பிடிக்காத நீங்கள்தான். அதனால் நோன்பு திறக்கிற பாங்கை உங்கள் கையில் கொடுத்திருந்தார்கள். டவரடியில் ஒலிநாடாக் காலத்திலிருந்து இருந்த ஒரு பிளேயர், பள்ளிவாசலில் இருந்து கொடுத்த நேர அட்டவணை, உங்கள் கைக்கடிகாரம். சரியான நிமிஷத்தில் ஸ்டுடியோவை வெட்டி, பிளேயரை விடுவீர்கள். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் வயலோரத்து வீடுகளும், பஸ்ஸில் வருகிறவர்களும், தோணியில் இருக்கிறவர்களும் உங்கள் விரல் அசைந்த பிறகுதான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்கள். பதினொரு வருஷத்து நோன்பு. ஒரு நாளும் பிசகியதில்லை. ஊரில் யாருக்கும் அது அதிசயமாகத் தெரியவும் இல்லை.

அதற்குள் நான் வந்தேன். டெக்னிக்கல் கொலிஜில் படித்த புள்ளை. சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெண் வானொலியில் வயர் இழுக்க வருகிறாள் என்பதே அப்போது ஒரு பேச்சு. வாப்பா ஒரு மாதம் யோசித்துத்தான் ஓம் என்றார். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் என் முகத்துக்கு நேரேயே, "பொம்புளப் புள்ளைக்கு இந்த வேலயெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு மனேஜரிடம் எனக்காகப் பேசியவர் நீங்கள். "மெஷின் என்ன கதைக்கிதெண்டு இந்தப் புள்ளைக்கு விளங்குது சேர். எங்க ஒருத்தருக்கும் விளங்கல்ல" என்றீர்கள். அதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நீங்கள் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பெயர் எடுக்கவேண்டும் என்ற அவசரம் எனக்கு. ரிமோட் பெட்டி வாங்கவேண்டும் என்று மனேஜரின் காதைக் குடைந்தவள் நான்தான். அது இருந்தால் கல்முனையில் இருந்தபடியே டவரடி மெஷினை ஓடவிடலாம், நிறுத்தலாம், எதை எப்போது ஒலிபரப்புக்கு விடுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். நாள், மணி, நிமிஷம், செய்யவேண்டிய வேலை. எழுதினபடி பெட்டி தானாகச் செய்யும். நான் அதற்கு வழங்கிய முதல் பெரிய வேலை, முப்பது நோன்புக்கும் முப்பது பாங்கு. ஒவ்வொன்றுக்கும் திகதி போட்டு, ஒன்றிலிருந்து முப்பது வரை இலக்கமிட்டு, பள்ளி அட்டவணையோடு மூன்று தரம் சரிபார்த்து எழுதினேன். அந்த முப்பதிலும் ஒரு பிழை இல்லை. இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு கெட்ட பெருமை இருக்கிறது.

"அப்ப எனக்கு என்ன வேல புள்ள?" என்று கேட்டீர்கள்.

"நீங்க பாத்துக்கொண்டு இரிங்க அண்ணன். ஒண்டுலயும் கை வெக்கத் தேவல்ல."

"கை வெக்காம இரிக்கிறதுதான்கா கஸ்டம்."

பெட்டியின் முகத்தில் ஒரு சாவி இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் கட்டுப்பாடு என்னிடம், மற்றப் பக்கம் திருப்பினால் உங்களிடம். அதை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆபத்து என்றால் மட்டும் தொடுங்கள் என்று சொன்னேன். பதினொரு வருடம் செய்த வேலையை ஒரு சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விடவில்லை.

நோன்புக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் பரீட்சித்துப் பார்த்தோம். நினைவிருக்கும். பிளேயரின் வயரை ஒலிபரப்பிலிருந்து இழுத்து, மூலையில் கிடந்த ஸ்பீக்கரில் நீங்கள் செருகினீர்கள். வெளியே ஒருவருக்கும் கேட்காமல் அறைக்குள் மட்டும் பாங்கு வருகிறதா என்று பார்க்கவேண்டும். நான் முப்பத்தோராவது வரியாக ஒரு பரீட்சை நிகழ்ச்சியை எழுதினேன். ஆறு பத்து. திகதி போடுவதற்குச் சோம்பல். பெட்டி இரண்டு வழி கேட்கும்: குறித்த திகதியில் ஒரு தடவை மட்டுமா, அல்லது இந்தக் கிழமை வரும்போதெல்லாமா? கிழமையைத் தொடுவது சுலபம், ஒரே ஒரு தட்டு. வியாழன் என்று தட்டினேன். ஆறு பத்துக்குப் பாங்கு அறைக்குள் வந்தது. நீங்கள் கையைத் தட்டினீர்கள்.

பிறகு கேட்டீர்கள்: "இது மறுகாவும் வராதா புள்ள?"

"அழிச்சிடுவன் அண்ணன்."

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் லாப்டாப்பை மூடிவிட்டேன். அடுத்த நாள் நீங்கள் போன் எடுத்தீர்கள். நான் உம்மாவோடு சந்தையில், நோன்புச் சாமான் வாங்கிக்கொண்டு நின்றேன். "அந்த டெஸ்ட் பண்ணின பாங்க அழிச்சிட்டிங்களா?" என்றீர்கள். "ஓம் அண்ணன்" என்றேன். அழிக்கவில்லை. பொய் சொல்கிறேன் என்றுகூட அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் அழித்துவிடலாம், அதற்குள் எதற்கு உங்களுக்கு விளக்கம் என்ற எண்ணம். வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டேன். நீங்கள் என்னுடைய அந்த ஓமை நம்பி, வயரைப் பழையபடி ஒலிபரப்பில் செருகிவிட்டீர்கள்.

மூன்றாம் நோன்பு வியாழக்கிழமை. அன்று மஃரிப் ஆறு பதினாறுக்கு. எங்கள் வீட்டில் கஞ்சி ஊற்றி வைத்து, ரேடியோவைச் சத்தமாக விட்டிருந்தோம். பாங்கு வந்தது. உம்மா பழத்தை வாயில் வைத்துவிட்டார். வாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இண்டைக்கு என்ன, முந்திட்டு?" என்றபடியே தண்ணீரைக் குடித்தார். நானும் குடித்தேன். நானே எழுதிய பாங்கு என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்போடு குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசிகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாதியில் பாங்கு அறுந்தது. ரேடியோ இரைந்தது. என்னுடைய போன் அடித்தது.

"புள்ள, சூரியன் இன்னும் நிக்கிது! வயலுக்கு மேல நிக்கிது, நான் கண்ணால பாக்கிறன். பாங்கு போகுது! நான் சாவியத் திருப்பி நிப்பாட்டிட்டன்."

நம்முடைய கரையில் சூரியன் கடலில் எழும்பி வயலில் விழும். ஊருக்குள் வீடும் மதிலுமாக இருக்கிற எங்களுக்கு அது விழுவது தெரியாது. டவரடியில் நின்ற உங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் வயலோரத்துச் சின்னப் பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் ரேடியோவைக் கேட்டு மைக்கைப் பிடித்துவிட்டார். அவரைக் கேட்டு அடுத்த பள்ளி. ஆறு நிமிஷம் முந்தி, ஊரில் பாதிக்கு மேல் நோன்பை முறித்துவிட்டது.

நான் மஃரிப் தொழாமல் லாப்டாப்பைத் திறந்தேன். பெட்டி செய்ததையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைத்திருக்கும். வியாழன் ஆறு பத்து, நிகழ்ச்சி முப்பத்தொன்று, நிறைவேறியது. அதற்குக் கீழே, ஆறு பன்னிரண்டு, சாவி டவரடிப் பக்கம் திருப்பப்பட்டது. முதல் வரி நான். இரண்டாவது வரி நீங்கள். முதலில் செய்த வேலை, முப்பத்தோராவது வரியை அழித்தது. ஆறு நாளாக மறந்திருந்ததை ஒரு நொடியில் செய்து முடித்தேன்.

அடுத்த நாள் காலை மனேஜர் பதிவுத் தாளைக் கேட்டார். பள்ளி நிர்வாகத்திலிருந்து ஆட்கள் கீழே நிற்கிறார்கள், ஒரு பதில் சொல்லவேண்டும். நான் அச்சடித்துக் கொடுத்தேன். ஆறு பன்னிரண்டிலிருந்து அச்சடித்துக் கொடுத்தேன் அண்ணன். ஒரு வரி கீழே இருந்து, உங்கள் கை மட்டும் தெரியும்படி. இதைத்தான் நீங்கள் அறியமாட்டீர்கள். ஒருவரும் அறியமாட்டார்கள்.

மனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "பிழ மெஷின்லயா, மனிசன்லயா?" என்று கேட்டார்.

"மெஷின்ல பிழ இல்ல சேர்."

"அந்த நேரம் அங்க ஆரு?"

"அவர்தான் டியூட்டி."

இரண்டும் உண்மை. மெஷின் சொன்னதைத்தான் செய்தது. டியூட்டியில் நீங்கள்தான். இரண்டு உண்மையை அடுத்தடுத்து வைத்து இவ்வளவு பெரிய பொய்யைக் கட்டலாம் என்று நான் அன்றைக்குத்தான் படித்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்டால், பயம் என்பேன். என் பிழை என்று தெரிந்தால், "நாங்க அப்பவே சொன்னமே, பொம்புளப் புள்ள" என்பார்கள். எனக்குப் பிறகு ஒரு பெண்ணையும் அந்த மாடிப்படி ஏற விடமாட்டார்கள். இதையெல்லாம் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், மற்றப் பெண்களைப் பற்றி அன்று நான் ஒரு துளியும் கவலைப்பட்டதில்லை. என் வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன்.

ஜும்ஆவில் மௌலவி அறிவித்தார்: வியாழக்கிழமை நேரத்துக்கு முன்னால் திறந்தவர்கள் அதற்குப் பதிலாக இன்னொரு நாள் ஒரு நோன்பைக் கழாச் செய்யவேண்டும். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். பள்ளிக்கு வெளியேதான் கதை வேறு மாதிரி ஓடியது. "நோன்பு பிடிக்காதவன்ட கையில குடுத்தா இப்பிடித்தான்" என்றார்கள். பதினொரு நோன்பு அந்தக் கையால் திறந்தவர்களே சொன்னார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், வேணுமென்றே செய்தது என்றும் சிலர் சொன்னார்கள். "பாங்கை நடுவுல வெட்டினவன் வேற எப்பிடி இரிப்பான்?" என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கேட்டதற்கு, எங்கள் உம்மா, "அந்த மனிசனுக்கு ரப்பு நல்ல புத்தியக் குடுக்கட்டும்" என்று துஆச் செய்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையோடு உங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள். இதுவரை எழுதியதை எல்லாம் எப்படியோ எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் கை வரவில்லை. கோபத்தோடு எடுத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்படி எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புள்ள, ஒண்டு கேக்கணும். அண்டைக்கு ஆறு மணிபோல ஒரு பல்லி பெட்டிக்கு மேல ஏறிட்டு. துணியால விரட்டினன். அப்ப அந்தச் சாவியில என்ட கை பட்டிச்சோ என்னவோ. அதாலதான் முந்திப் போச்சோ? நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், நித்திரை வருதில்ல."

நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை. பெட்டியையும் சந்தேகப்படவில்லை. நான் அழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேனே. அதனால் மிச்சமிருந்தது உங்கள் கை மட்டும்தான். மெஷினின் பாஷை விளங்கிய புள்ளையிடம் நீங்கள் நியாயம் கேட்டீர்கள்.

நான் சொன்னேன்: "இரிக்கும் அண்ணன்."

"அப்ப என்ட பிழதான். பாவம், எத்தின சனத்துட நோன்பு" என்றீர்கள். போனை வைத்துவிட்டீர்கள்.

கழா நோன்பை அந்த வருஷமே பிடித்துவிட்டேன். ஒரு பகல் பட்டினி, அவ்வளவுதான், அந்தக் கணக்கு முடிந்தது. உங்களுக்குச் செய்ததற்குக் கழா என்று ஒன்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகியது. பிறகு பொறுப்பும் கூடியது. இப்போது டவரடியில் ஆளே இல்லை, எல்லாம் என் மேசையிலிருந்துதான். ஒருதடவை கல்முனைச் சந்தைக்குள் உங்களைக் கண்டேன். நீங்கள் தூரத்திலேயே சிரித்துக் கையைத் தூக்கினீர்கள். நான் பாத்திரக்கடைக்குள் புகுந்து, வேண்டாத ஒரு சட்டிக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

போன மாரியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் மௌத்தாகிவிட்ட செய்தி வந்தபோது, நான் பஸ் ஏறினேன். காரைதீவுச் சந்தியில் சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் நிந்தவூர் வரை போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் கண்ணை மூடியிருந்தும் வரவில்லை.

நேற்று அந்தச் சந்தனப் பொட்டைக் கண்ட பிறகு, பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து லாப்டாப்பில் மாட்டினேன். நிகழ்ச்சியை அழிக்கலாம், பதிவை அழிக்க முடியாது. அந்த வரி அப்படியே இருந்தது. வியாழன் ஆறு பத்து. இந்தமுறை மேலே இருந்து அச்சடித்தேன். அந்தத் தாளை மனேஜரிடம் கொண்டுபோய், நான் செய்ததை முழுதாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதக் கிண்டி இப்ப என்னத்துக்கு? நோன்பு வருது. ஆளும் இல்ல" என்றார். நான் விடவில்லை. ஊர் முன்னால் அவரைக் குற்றவாளி ஆக்கினோம், ஊர் முன்னால்தான் சொல்லவேண்டும் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன், உங்கள் பெயரும் என் பெயரும் போட்டு. இன்று காலைச் செய்திக்குப் பிறகு வாசித்தார்கள். முன்னொரு நோன்பில் நேர்ந்த தவறு ஒரு தொழில்நுட்பக் கோளாறினால் ஏற்பட்டது என்று ஒரே ஒரு வரி. இரண்டு பெயரும் இல்லை. அந்தக் கோளாறு மேல்மாடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதனால் இன்று லீவு போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்கார அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். பொங்கலுக்கு வந்து உங்கள் வீட்டில் சாப்பிட்ட புள்ளைதானே என்று கேட்டு, கதிரையை இழுத்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நீங்கள் அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். மெஷின் வேலை தெரிந்த ஆள் என்று மோட்டாரைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்களாம், இரண்டு மடங்கு சம்பளத்துக்கு. நீங்கள் மாட்டேன் என்றீர்களாம்.

"சுவிச்சில கை வெக்கமாட்டார் தங்கச்சி. வீட்டுல தண்ணி மோட்டர்கூட நான்தான் போடணும். 'என்ட கை சரியில்ல, அது எனக்குத் தெரியாமப் போய்ப் படுது' எண்டு சொல்லுவார். சாகுமட்டும் அப்பிடித்தான்."

அக்கா இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதனின் பழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன், அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று அதையும் அடக்கிக்கொண்டேன். அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வரியா?"

"ஓம் அக்கா."

"இதுல அவர்ட வேல ஒண்டும் இல்லையா?"

"இல்ல அக்கா. நான் போட்டது. நான் அழிக்காம விட்டது. அவர் கேட்ட நேரம் நான் பொய் சொன்னன். மாப்புத் தாங்க அக்கா."

அக்கா ஏசவில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்து, அதைத் தாங்கத் தயாராகித்தான் போயிருந்தேன். அவர் சேலைத் தலைப்பால் தாளை ஒருதரம் துடைத்தார், அதில் தூசு ஒன்றும் இருக்கவில்லை.

"நான் என்னெண்டு தாறது தங்கச்சி? அத அவருட்டத்தானே கேக்கணும்."

அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு என்று நான் குர்ஆன் ஓதப்போன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அக்கா அதைக் கேட்டிருக்க வழியில்லை. தன்பாட்டில் அதையே சொன்னார். சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், உங்கள் படத்துக்கு முன்னால் விட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார். கேள் என்றுதான் விட்டுவிட்டுப் போனார். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். மெஷினோடு கதைக்கத் தெரிந்த புள்ளைக்கு அங்கே ஒரு சொல் கிடைக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். மன்னிப்பு வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். அதை நான் கொண்டுதான் திரியவேண்டும், கொண்டு திரிகிறேன்.

பல்லியை விரட்டும்போது உங்கள் கை எதிலும் படவில்லை அண்ணன். பட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அந்தச் சாவி பாங்கை முந்த வைக்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் 'இரிக்கும்' என்றேன். பாங்கை முந்தி விட்டது நான். சூரியன் நிற்கிறது என்று கண்ணால் பார்த்து, சாவியைத் திருப்பி, அதை நிறுத்தியது உங்கள் கை. அன்று பின்னேரம் இந்த ஊரில் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான். அதற்காகத்தான் உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.